புக்கர் வாஷிங்டனும் டஸ்கீகிப் பள்ளியும்

பள்ளிக்கூடமாயினும் சங்கமாயினும் ஒன்றைத் தொடங்குதல் எளிது; தொடங்கியதை வளர்த்து, தொடங்கினவர் மறைந்த பின்னும் நிலைபெறச் செய்தல் அரிது. முதற்கூட்டத்தில் கைதட்டினவர் மூன்றாங் கூட்டத்திற்கு வாரார். முதலாண்டுச் சந்தாவை முகமலர்ந்து தந்தவர் மறுவாண்டில் வீட்டில் இல்லாதவராகி விடுவர். கட்டிடம் எழும்பும், அதனுள் உயிர் இராது. இதற்குக் காரணம் பொருளின்மை என்பர் சிலர். ஒற்றுமையின்மை என்பர் வேறு சிலர். அவையும் ஒருவாறு உண்மையே. எனினும் பள்ளிப்பிள்ளைகளோடு நாள்தோறும் பழகும் எமக்கு இவற்றின் வேறாகிய காரணம் ஒன்று தோன்றுகின்றது. ஓர் அமைப்பின் உயிர் அதன் தலைவர் தம் கையாற் செய்யும் தொழிலில் இருக்கின்றது. அத்தொழிலைக் கண்டு ஏனையோர் கைக்கொள்ளும் வழக்கத்தால் அது வளர்கின்றது.

இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையால் விளக்கிய ஒருவரது வரலாற்றை ஈண்டுக் கூறப் புகுகின்றோம். அவர் அமெரிக்க நாட்டில் அடிமையாய்ப் பிறந்து, அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பின மக்களுக்கு ஒரு பெருங் கல்விநிலையத்தை அமைத்துத் தந்த புக்கர் வாஷிங்டன் என்பவர். அவர் புகழை மட்டும் பாடுதல் எம் கருத்தன்று. அவர்மீது அக்காலத்து அறிஞர் சாற்றிய குறைகளையும் மறையாது கூறுவோம். பெரியோரது வரலாறு குறையோடு படிக்கப்படும்போதே நமக்குப் பயன்படுவதாகும்.

இளமை

வெர்ஜீனியா மாநிலத்தில் பிராங்க்ளின் என்னுங் கோட்டத்திலுள்ள ஒரு தோட்டத்தில் 1856-ஆம் ஆண்டில் புக்கர் பிறந்தார். அடிமைகளின் பிறந்தநாளை எழுதிவைப்பார் இலர். ஆதலின் தாம் பிறந்த ஆண்டைத் தாமே திண்ணமாய் அறியாதவராய் அவர் நெடுங்காலம் இருந்தார். தாயார் ஜேன் அத்தோட்டத்தின் சமையற்காரி. மண்தரையும் சாளரமற்ற சுவரும் உடைய ஒரு குடிசையே சமையலறையாகவும் வீடாகவும் இருந்தது. கந்தை விரித்த தரையில் அண்ணன் ஜானும் தங்கை அமாண்டாவும் இவரும் உறங்கினர். தோட்ட முதலாளியின் பெண்பிள்ளையினுடைய புத்தகங்களைப் பள்ளி வாயில் வரையிற் சுமந்து செல்வது இவர் பணிகளுள் ஒன்று. வாயிலுக்கு அப்பாற் செல்ல இவருக்கு உரிமையில்லை. உள்ளே பிள்ளைகள் அமர்ந்து படிப்பதைக் கண்டு, அவ்விடத்திற் புகுவது சுவர்க்கத்திற் புகுவதனோடு ஒக்கும் என்று இவர் எண்ணினார்.

1865-ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் முடிந்தது. தோட்டத்து அடிமைகள் அனைவரும் முதலாளியின் வீட்டு முற்றத்திற்கு அழைக்கப்பட்டனர். அதிகாரி ஒருவர் ஓர் ஓலையைப் படித்து, அவர்கள் உரிமை பெற்றவர்கள் என்றும் விரும்பிய இடத்திற்குச் செல்லலாம் என்றும் அறிவித்தார். தாயார் மக்களை அணைத்து முத்தமிட்டுக் கண்ணீர் சொரிந்தார்.

பின்பு குடும்பம் மேற்கு வெர்ஜீனியாவிலுள்ள மால்டன் என்னும் ஊருக்குச் சென்றது. மாற்றாந்தந்தை அங்கே உப்புக் காய்ச்சும் உலையில் வேலை செய்தார். சிறுவராகிய புக்கரும் அவ்வேலையிற் புகுத்தப்பட்டார். மாற்றாந்தந்தைக்குரிய பீப்பாய்களின்மேல் 18 என்னும் எண் இடப்படும். புக்கர் முதன்முதல் அறிந்த எழுத்து அவ்வெண்ணே. தாயார் எவ்வாறோ ஒரு பழைய எழுத்துப்பாடப் புத்தகத்தைத் தேடிக் கொணர்ந்து தந்தார். அவருக்கு எழுத்தறிவு இல்லை. ஆயினும் மகன் கற்கவேண்டும் என்னும் வேட்கை மகனினும் மிகுதியாக அவர்க்கு இருந்தது. ஊரிற் பள்ளி தொடங்கியபோது மாற்றாந்தந்தை வேலையை விட இசையவில்லை. இரவிற் கற்றும், பின்னர் விடியற்காலை முதல் ஒன்பது மணி வரையில் உலையில் உழைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடியும் இவர் பயின்றார். மற்றைப் பிள்ளைகள் இரண்டு பெயர் சொல்லக் கண்டு, தமக்கு ஒரே பெயர் இருப்பதை உணர்ந்து, ஆசிரியர் வினவியபோது வாஷிங்டன் என்னும் பெயரைத் தாமே சேர்த்துக்கொண்டார். தாய் வைத்த பெயரும் தாமே இட்டுக்கொண்ட பெயரும் சேர்ந்து அவர் பெயராயிற்று.

சிலகாலம் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைத்தார். அச்சுரங்கத்தின் இருளில் இரண்டு தொழிலாளர் பேசிக்கொண்டிருந்ததை ஒருநாள் கேட்டார். வெர்ஜீனியாவில் ஹாம்ப்டன் என்னும் இடத்திற் கறுப்பின மக்களுக்கென ஒரு பள்ளி உண்டென்றும், வறியோர் ஆண்டு உழைத்துக்கொண்டே கற்கலாம் என்றும் அவர்கள் பேசினர். அன்று முதல் அவர் மனம் ஹாம்ப்டனிலேயே நின்றது.

சுரங்கத்தை விட்டு, ரஃப்னர் என்னும் படைத்தலைவரின் மனைவியாரிடம் மாதம் 5 டாலர் கூலிக்கு வீட்டுவேலையில் அமர்ந்தார். அவ்வம்மையார் மிகவும் கண்டிப்பானவர் என்று பெயர்பெற்றவர். முற்றத்தில் ஒரு காகிதத் துண்டு கிடப்பினும் பொறார். சொன்ன சொல்லில் இம்மி பிசகினும் பொறார். பிறர் இரண்டு மூன்று வாரத்தில் ஓடிப்போன அவ்வீட்டில் புக்கர் நின்று, தூய்மையையும் ஒழுங்கையும் கற்றார். அதனை எழுத்துக் கல்விக்கு ஒப்பான கல்வியாகவே அவர் பிற்காலத்தில் எண்ணினார்.

ஹாம்ப்டன்

1872-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 500 மைல் தொலைவிலுள்ள ஹாம்ப்டனுக்குப் புறப்பட்டார். வழியில் விடுதிகள் அவர் நிறங்கண்டு இடந்தர மறுத்தன. ரிச்மண்டு நகரிற் கையிற் காசின்றி, மரப்பலகையால் அமைந்த நடைபாதையின் அடியிற் புகுந்து இரவுகளைக் கழித்தார். பகலில் ஒரு கப்பலினின்று இரும்புப் பாளங்களை இறக்கிக் கூலி பெற்றார். இறுதியில் ஹாம்ப்டனை அடைந்தபோது அவரிடம் இருந்தது 50 செண்டு.

அழுக்காடையும் பசித்த முகமுமாய் நின்ற அப்பிள்ளையைச் சேர்ப்பதா வேண்டாவா என்று தலைமை ஆசிரியை மேரி மேக்கி ஐயுற்றார். சில மணிநேரம் காக்கவைத்த பின்னர், அருகிலிருந்த வகுப்பறையைப் பெருக்கும்படி சொன்னார். புக்கர் மும்முறை பெருக்கினார்; நான்கு முறை தூசு துடைத்தார். ஆசிரியை வந்து கைக்குட்டையால் மேசையையும் சுவர்ப்பலகையையும் தேய்த்துப் பார்த்தார், தூசு ஒட்டவில்லை. அவ்வளவே நுழைவுத் தேர்வு. பள்ளியிற் சேர்ந்ததோடு, அறைகளைத் துப்புரவு செய்யும் வேலையும் கிடைத்தது. அதனால் உணவுச் செலவை ஈடுசெய்தார்.

அப்பள்ளியை 1868-ஆம் ஆண்டில் நிறுவியவர் சாமுவேல் ஆம்ஸ்ட்ராங் என்பவர். உள்நாட்டுப் போரிற் கறுப்பின வீரர் படைக்குத் தலைமை தாங்கியவர். ஒருமுறை மாணாக்கர் தொகை மிகுந்து விடுதியில் இடம் போதாதாயிற்று. சிலர் குளிர்காலத்திற் கூடாரத்தில் தங்கவேண்டும் என்று அவர் விரும்பினார் என்னும் செய்தி பரவியவுடன், ஏறத்தாழ மாணாக்கர் அனைவரும் தாமே முன்வந்தனர். புக்கரும் அவருள் ஒருவர். கடுங்காற்று இரவிற் கூடாரத்தைப் பெயர்த்துச் செல்லும். விடியற்காலையில் ஆம்ஸ்ட்ராங் ஒவ்வொரு கூடாரமாக வந்து இன்முகங் காட்டிச் செல்வார். அம்முகத்தைக் கண்டபின் குளிர் தோன்றாது. இதனினும் பெரிய பாடம் ஒன்றை மேக்கி அம்மையாரிடம் புக்கர் பெற்றார். பள்ளி திறக்குமுன் இரண்டு வாரகாலம், குடிப்பிறப்பும் கல்வியும் மிக்க அவ்வம்மையார் அவரோடு உடன்நின்று சாளரங்களைக் கழுவினார், அறைகளைத் துடைத்தார். தாழ்ந்த வேலை என்பது ஒன்றில்லை என்பதை அவர் வாயாற் சொல்லவில்லை, கையாற் காட்டினார்.

1875-ஆம் ஆண்டில் தேறி மால்டனுக்கு மீண்ட புக்கர், அங்கே பகலிலும் இரவிலும் பள்ளி நடத்தினார். தம்மைப் படிக்கவைக்கச் சுரங்கத்தில் உழைத்த அண்ணன் ஜானை, தாம் ஈட்டிய பொருளால் ஹாம்ப்டனுக்கு அனுப்பினார். ஒருவர் ஏறியபின் ஏணியை எடுத்துவிடாத இக்குடும்பத்தின் வழக்கம் நம் இல்லங்கள் தோறும் நினைக்கத்தக்கது. 1879-ஆம் ஆண்டில் ஹாம்ப்டனே அவரை ஆசிரியராக அழைத்தது. அங்கே பகலிற் பத்து மணிநேரம் உழைத்து, இரவில் இரண்டு மணிநேரம் படிக்கும் வகுப்பொன்று அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. முதலிற் சேர்ந்தோர் ஏறத்தாழப் பன்னிருவர். அவர்தம் உறுதியைக் கண்டு வியந்த புக்கர், அவ்வகுப்புக்கு நெஞ்சுரத்தைக் குறிக்கும் ஒரு பெயரிட்டு, சிலகாலம் தளராது நின்றவர்க்கு அச்சிட்ட சான்றிதழ் ஒன்றும் வழங்கினார். அச்சிறு தாளைப் பெறவேண்டும் என்னும் ஆவலால் வகுப்பு விரைவில் இருமடங்காயிற்று. பரிசின் விலையன்று, பாராட்டின் உண்மையே மாணாக்கரை ஊக்குவது என்பதை அவர் அப்போதே கண்டுகொண்டார்.

டஸ்கீகியின் தொடக்கம்

அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்னும் சிற்றூரிற் கறுப்பின ஆசிரியரைப் பயிற்றும் பள்ளி ஒன்று அமைக்க 1881-ஆம் ஆண்டில் ஏற்பாடாயிற்று. இதற்கு முயன்றவருள் லூயிஸ் ஆடம்ஸ் அடிமையாய் இருந்து தகரவேலையும் சேணவேலையும் கற்றவர். ஜார்ஜ் கேம்பெல் அடிமைகளை உடையவராய் இருந்த வணிகர். தலைமைக்கு வெள்ளையர் ஒருவரை அனுப்புமாறு அவ்வூரார் ஆம்ஸ்ட்ராங்குக்கு எழுதினர். அவரோ, வெள்ளையர் எவரையும் அறியேன், புக்கர் வாஷிங்டனை ஏற்பின் அனுப்புவேன் என்னும் கருத்துப்பட விடை எழுதினார். ஊரார் இசைந்தனர். அப்போது புக்கருக்கு அகவை 25.

ஊரை அடைந்து பார்த்தபோது பள்ளி இல்லை, நிலமும் இல்லை. அரசு ஒதுக்கிய 2,000 டாலரும் ஆசிரியர் ஊதியத்திற்கு மட்டுமே உரியது. புக்கர் ஒரு மாதம் சுற்றுப்புறத்துச் சிற்றூர்களிற் சென்று ஏழைக் குடிகளோடு உண்டு உறங்கினார். ஓரறைக் குடிசையிற் குடும்பம் முழுதும் உறங்குவதையும், வாயிற்படி வரையிற் பருத்தியே விளைத்துக் காய்கறிக்கு ஒரு சாணும் விடாமையையும் கண்டார். ஒரு வீட்டில் ஐவர்க்கு ஒரே முள்கரண்டி. ஆனால் தவணையில் வாங்கிய 60 டாலர் இசைப்பெட்டி மூலையில் நின்றது. ஒரு குடிசையில் எண்ணெய்க்கறை படிந்த ஆடையோடும் சுற்றிலுங் குப்பையோடும் ஓர் இளைஞன் பிரெஞ்சு இலக்கணம் படித்துக்கொண்டிருந்தான். புத்தகம் மட்டும் தரும் பள்ளி இம்மக்களுக்குப் போதாது என்பதை இக்காட்சிகள் அவர்க்கு உணர்த்தின. பாடத்திட்டம் எழுதுமுன் மக்களின் வீட்டிற் புகுந்து பார்த்த தலைமையாசிரியர் எத்துணைப் பேர் என்று எண்ணிப் பார்க்க.

1881-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள், ஒரு கோயிலும் அதன் அருகே ஒரு பாழ்ங்குடிசையும் இரவலாகக் கொண்டு, 30 மாணாக்கரோடு பள்ளி தொடங்கிற்று. மழை பெய்தால் ஒரு மாணாக்கன் எழுந்து குடைபிடிக்க, அதன்கீழ் நின்று புக்கர் பாடங் கேட்பார். சில வாரத்தில் ஒலிவியா டேவிட்சன் என்னும் ஆசிரியை வந்து சேர்ந்தார். பிற்காலத்திற் புக்கருக்கு வாழ்க்கைத் துணைவியுமாகி, 1889-ஆம் ஆண்டில் மறைந்த அவ்வம்மையார் அப்பள்ளியின் அடிப்படைக் கற்களுள் ஒருவர்.

கோடரி

ஊருக்கு ஒரு மைல் தொலைவில் 100 ஏக்கர் கொண்ட பாழ்ந்தோட்டம் ஒன்று 500 டாலர் விலைக்கு வந்தது. ஹாம்ப்டனின் பொருளாளர் மார்ஷல் தம் சொந்தப் பொருளினின்று 250 டாலர் கடன் தந்தார். தோட்டத்தில் எஞ்சியிருந்த குதிரைக் கொட்டிலும் கோழிக் கொட்டிலும் வகுப்பறைகளாயின. கடனை அடைக்க ஒலிவியா அம்மையார் ஊரார் வீடுதோறும் சென்று தின்பண்டம் பெற்று விழா நடத்தினார். அடிமையாய்க் காலங்கழித்த ஏறத்தாழ எழுபது அகவையுடைய மூதாட்டி ஒருத்தி, கந்தையுடுத்துக் கோலூன்றி வந்து, தான் சேர்த்த ஆறு முட்டைகளைப் பள்ளிக்கென்று கொடுத்தாள். பிற்காலத்திற் பெருஞ்செல்வர் பலர் தந்த கொடையினும் அவ்வாறு முட்டையே தம் நெஞ்சைத் தொட்டது என்பது புக்கரின் கருத்து. ஐந்து மாதத்தில் 500 டாலரும் அடைந்தது.

இனி, நிலத்தைத் திருத்திப் பயிரிட வேண்டும். மாணாக்கர் பலர் சிற்றூர்ப் பள்ளிகளில் ஆசிரியராய் இருந்தவர். கல்வி கற்பதே கைவேலையினின்று தப்புவதற்கு என்று எண்ணியவர். காட்டை வெட்டுவதா என்று அவர்கள் தயங்கினர். புக்கர் அவர்களைக் கடியவில்லை. உழைப்பின் பெருமையைப் பற்றிச் சொற்பொழிவும் ஆற்றவில்லை. மாலையில் வகுப்பு முடிந்ததும் கோடரியைத் தோளில் வைத்துக்கொண்டு தாமே காட்டுக்கு நடந்தார். தலைமையாசிரியர் மரம் வெட்டுவதைக் கண்ட மாணாக்கர் ஒருவர்பின் ஒருவராய்ச் சென்று உடன் வெட்டினர். நாள்தோறும் இவ்வாறு செய்ய, 20 ஏக்கர் திருந்திற்று. டஸ்கீகியின் பண்பாடு பிறந்த இடம் அக்காடே.

பெற்றோர் எதிர்ப்பு எளிதில் ஓயவில்லை. எம் பிள்ளையைப் படிக்க அனுப்பினோம், வேலைசெய்ய அன்று, என்று பலர் எழுதினர். புத்தகம் எவ்வளவு பெரிதோ, அதன் பெயர் எவ்வளவு நீண்டதோ, அவ்வளவு கல்வி மிகும் என்று அவர்கள் எண்ணினர். அவர்களைக் குறைகூறுதல் தகாது. இருநூறு ஆண்டுக்கு மேலாகக் கசையடியின்கீழ் உழைத்த குடியினர்க்கு உழைப்பு என்னும் சொல்லே கசந்தது. பிறனுக்காக அடிபட்டு உழைப்பது வேறு, தனக்காகக் கற்றுணர்ந்து உழைப்பது வேறு என்பதை அவர்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது. புக்கர் மாநிலமெங்கும் சென்று பெற்றோரிடம் நேரிற் பேசினார். பிள்ளைகள் எழுப்பிய கட்டிடங்களும் அவர்க்காகப் பேசின.

செங்கல்

கட்டிடத்திற்குச் செங்கல் வேண்டும். ஊரிற் செங்கற் சூளை இல்லை. மாணாக்கரைக் கொண்டு செங்கல் அறுக்கத் தொடங்கினார். முழங்கால் அளவு சேற்றில் நின்று மண் மிதிக்கவேண்டும். சிலர் வெறுத்துப் பள்ளியையே விட்டனர். முதற்சூளை வேகாது கெட்டது. இரண்டாவதும் கெட்டது. மூன்றாவது வெந்துகொண்டிருக்கையில் நள்ளிரவில் இடிந்து விழுந்தது. கையிற் பொருள் இல்லை. உடனாசிரியர் இதனை விட்டுவிடுக என்றனர். புக்கர் தம் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு மாண்ட்கோமரி நகருக்குச் சென்று 15 டாலருக்கு அடகு வைத்தார். அப்பொருளால் நான்காஞ் சூளை போட்டனர். அது செவ்வனே வெந்தது. கடிகாரம் மீளவில்லை, அவர் அதற்கு வருந்தவும் இல்லை.

அச்செங்கல்லாற் பள்ளி எழுந்தது மட்டுமன்று. கறுப்பின மக்கள் படித்தால் வேலைக்கு ஆகார் என்று எண்ணியிருந்த வெள்ளையர், நல்ல செங்கல் வேண்டி அப்பள்ளியின் வாயிலுக்கு வந்தனர். 1901-ஆம் ஆண்டளவில் ஆங்கிருந்த கட்டிடம் 40. அவற்றுள் நான்கு ஒழிய மற்றனைத்தும் மாணாக்கர் கையால் எழுந்தவை. புதிய மாணாக்கன் ஒருவன் சுவரிற் பெயரைக் கீறப் புகுந்தால், அது நாங்கள் கட்டிய சுவர் என்று பழைய மாணாக்கன் தடுப்பான். எந்தச் சட்டமும் காவலும் தரமுடியாத காப்பு இது. தான் கட்டியதைத் தான் பழுதாக்க எவனும் ஒருப்படான்.

ஆளுகை

பள்ளி பெருகியபின் அதனைக் குலையாது நடத்திய முறையும் அறியத்தக்கது. சேரும் ஒவ்வொருவரும் பல்துலக்கும் தூரிகை ஒன்று வைத்திருத்தல் வேண்டும் என்பது விதி. இது சிறுவிதி போலத் தோன்றும். நாள்தோறும் தன்னைத் தூய்மை செய்பவனுக்குத் தன்மதிப்புப் பிறக்கும் என்பதே அதன் உட்கருத்து. 1884-ஆம் ஆண்டில் இரவுப்பள்ளியும் தொடங்கிற்று. பணமற்றவர் பகலில் உழைத்து இரவிற் கற்றனர். ஞாயிறு மாலைதோறும் புக்கர் மாணாக்கர் அனைவரையும் கூட்டி, ஒழுக்கம் பற்றித் தந்தை மக்களிடம் பேசுவது போற் பேசுவார்.

இவற்றினும் சிறந்தது ஒன்று. ஆண்டில் இரண்டு மூன்று முறை, பள்ளியில் உள்ள குறைகளையும் தமக்குத் தோன்றும் யோசனைகளையும் மறைக்காமல் தமக்கு எழுதும்படி மாணாக்கரை அவர் கேட்பார். கடிதம் எழுதாத வேளையில் நேரே கூட்டிப் பேசச் சொல்வார். பொறுப்பை ஒருவன்மேல் வைத்து, அவனை நம்புகின்றோம் என்பதை அவன் அறியச் செய்வதே அவனை வளர்க்கும் வழி என்பது அவர் கொள்கை. பள்ளிப் பொருட்டு வடமாநிலங்களில் அவர் சுற்றிய காலங்களிலும், நாள்தோறும் பள்ளி நடந்தவாறு அவருக்கு அறிக்கை செல்லும்.

தம்மினும் துறைதோறும் வல்லாரைச் சேர்த்துக்கொள்ளவும் அவர் அஞ்சவில்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் கட்டிடக்கலை பயின்ற ராபர்ட் டெய்லர் 1892-ஆம் ஆண்டில் வந்தார். வேளாண் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1896-ஆம் ஆண்டில் வந்து, ஓயாத பருத்தியால் மெலிந்த நிலத்தை நிலக்கடலை முதலிய பயிரால் உரமேற்றும் வழியைக் குடியானவர்க்குக் கற்பித்தார். 1906-ஆம் ஆண்டு முதல் ஒரு வண்டியிற் கருவிகளை ஏற்றிக்கொண்டு பள்ளியே சிற்றூர்களுக்குச் சென்றது. அண்ணன் ஜானும் தொழிற்பகுதியின் மேற்பார்வையாளராய் வந்து உழைத்தார்.

எதிர்ப்பும் குறையும்

1895-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் அட்லாண்டா நகரில் நடந்த கண்காட்சியிற் புக்கர் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். தம் மக்கள் தாம் இருக்கும் இடத்திலேயே தொழிலாலும் பொருளாலும் உயர முயலவேண்டும் என்றும், சமூகச் சமத்துவத்தைப் பற்றிய கிளர்ச்சி அக்காலத்துக்கு ஏற்றதன்று என்றும் கூறினார். வெள்ளையர் பெரிதும் மகிழ்ந்தனர். செல்வர் கைகள் திறந்தன. 1903-ஆம் ஆண்டிற் கார்னகி என்னும் பெருஞ்செல்வர் 6,00,000 டாலர் மூலநிதி வழங்கினார்.

ஆயின் அக்காலத்தில் தென்மாநிலங்களில் நடந்தவை யாவை? கறுப்பின மக்கள் விசாரணையின்றிக் கும்பலாற் கொல்லப்பட்டனர். தனித்தனி வண்டி, தனித்தனிப் பள்ளி என்னும் பாகுபாட்டை 1896-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றமே ஒப்பியது. அலபாமாவின் 1901-ஆம் ஆண்டு அரசியற் சட்டம் அவர்தம் வாக்குரிமையைப் பெரும்பாலும் பறித்தது. அறிஞர் டுபாய்ஸ் 1903-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிற் புக்கரை வெளிப்படையாய் மறுத்தார். வாக்குரிமையும் குடியுரிமையும் அறிவுடைய இளைஞர்க்கு உயர்கல்வியும் இன்றிப் பொருள்மட்டும் ஈட்டினால் அப்பொருளைக் காப்பது எவ்வாறு என்பது அவர் வினா. அவ்வினாவுக்குப் புக்கர் பொதுமேடையில் நேர்விடை தந்தாரல்லர்.

அவர் மறைந்த பின்னர் அவருடைய கடிதங்களை ஆராய்ந்தோர் இரு செய்திகளைக் கண்டனர். வாக்குரிமை பறிக்கப்பட்டதை எதிர்த்து நடந்த வழக்குகளுக்கு அவர் மறைவாய்ப் பொருளுதவி செய்திருந்தார். அதே மறைவில், தம்மை மறுத்தோரை உளவறியவும், செய்தித்தாள்களைப் பொருள்கொடுத்துத் தம்பக்கம் வைத்துக்கொள்ளவும் முயன்றிருந்தார். முன்னது அவர் நெஞ்சின் நேர்மையைக் காட்டுகின்றது; பின்னது தலைமையின் நோயைக் காட்டுகின்றது. மாணாக்கரிடம் குறைகேட்டவர், தம்மை ஒத்த அறிஞரிடம் குறைகேட்கப் பொறுத்தாரல்லர். ஒரு நிலையத்தை ஆக்கிய மனவலிமையே, எல்லையறியாதபோது பிறர் வாயை அடைக்கும் கருவியும் ஆகின்றது. சங்கம் நடத்துவோர் இதனை நன்கு உளங்கொள்ள வேண்டும்.

யாம் இருவரையும் சீர்தூக்கி ஒருவரைத் தள்ளப் புகவில்லை. கொலைக்கஞ்சாக் கூட்டத்தின் நடுவே, செங்கல்லின்மேற் செங்கல் வைத்துப் பள்ளியை எழுப்பிய ஒருவர், சொல்லில் அடக்கங் காட்டியதற்குக் காரணம் உண்டு. அவ்வடக்கத்தின் விலையை அவர்தம் மக்கள் கொடுத்தனர் என்பதும் உண்மை. கல்வியும் உரிமையும் இரண்டு கால்கள் போல்வன. ஒரு காலை ஊன்றியபோது மறுகாலைத் தூக்கி வைக்கவேண்டும். புக்கர் ஒரு காலை ஊன்றினார். மறுகாலை எடுத்து வைத்தோர், 1909-ஆம் ஆண்டில் டுபாய்ஸ் முதலியோர் சேர்ந்து தொடங்கிய உரிமைச் சங்கத்தார்.

முடிவு

1912-ஆம் ஆண்டில் ஜூலியஸ் ரோசன்வால்டு என்னும் வணிகர் டஸ்கீகியின் அறங்காவலருள் ஒருவரானார். அவர் பொருளைக் கொண்டு சிற்றூர்தோறும் பள்ளி கட்டும் திட்டத்தைப் புக்கர் வகுத்தார். செல்வர் முழுதும் கொடுப்பதில்லை. ஊராரும் பொருளோ மரமோ உழைப்போ தம் பங்காகத் தரவேண்டும் என்பது விதி. ஆறு முட்டை தந்த மூதாட்டியின் வழியே இத்திட்டத்தின் வழியும் ஆயிற்று. 1932-ஆம் ஆண்டளவில் 15 மாநிலங்களில் ஏறத்தாழ 5,000 பள்ளிகள் இவ்வாறு எழுந்தன.

அவற்றைக் காணப் புக்கர் இருக்கவில்லை. 1915-ஆம் ஆண்டு நவம்பரில் நியூயார்க்கு நகரில் நோயுற்றார். மருத்துவர் கைவிட்டனர். தெற்கிற் பிறந்து உழைத்த தாம் தெற்கிலேயே மறையவேண்டும் என்று விரும்பிப் புகைவண்டியேறி, டஸ்கீகியை அடைந்த சில மணிநேரத்தில், நவம்பர் 14-ஆம் நாள் உயிர்நீத்தார். அகவை 59. பாழ்ங்குடிசையிற் குடையின்கீழ் தொடங்கிய அப்பள்ளியில் அன்று நூற்றுக்கு மேற்பட்ட கட்டிடங்களும், ஏறத்தாழ 1,500 மாணாக்கரும், 200-க்கு அணித்தான ஆசிரியரும், 20 இலட்சம் டாலரை அடுத்த மூலநிதியும் இருந்தன. மாணாக்கர் எழுப்பிய கட்டிடங்களின் நடுவே அவர் உடல் அடக்கஞ் செய்யப்பட்டது.

அவர்க்குப்பின் ராபர்ட் மோட்டன் தலைமை ஏற்றார். பள்ளி சாயவில்லை, வளர்ந்தது. 1985-ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகம் என்னும் பெயரும் பெற்றது. தலைவர் மறைந்த மறுநாளும் சூளையில் நெருப்பு எரிந்ததெனின், அதனை எரித்தது தலைவர் மாணாக்கரிடத்து விட்டுச் சென்ற வழக்கமே.

அன்பர்களே! நம் சங்கத்திலும் நம் ஊர்ப்பள்ளிகளிலும் தலைமையை விரும்புவார்க்குக் குறைவில்லை. விரும்புதல் தவறும் அன்று. ஆனால் தலைமைக்கு வருபவர் முதலிற் கையில் ஏந்தவேண்டியது மாலையன்று, கோடரி. பின்னர்த் திறக்கவேண்டியது வாயன்று, செவி. தாய்மார்களே! பெருக்குவதும் துடைப்பதும் நம் பிள்ளைக்குத் தகுமா என்று எண்ணாதீர்கள். மகனாயினும் மகளாயினும் வீட்டில் ஓர் அறையை அவர் பொறுப்பில் விட்டு, துடைத்த மேசையில் நீங்களும் ஒருமுறை கைக்குட்டையால் தேய்த்துப் பாருங்கள். தூசு ஒட்டாத அந்நாளில் அப்பிள்ளையை வாயார வாழ்த்துங்கள்.